நந்தவனத் தொண்டர் பெரியாழ்வார்

திருக்கோயில் வழிபாட்டிற்கு வேண்டுவன பல. அவற்றுள் எளியோரும் இயற்றத்தக்கன நீரும் பூவும் ஆகும். பொன் இல்லாதார் உளர். பொருள் இல்லாதார் உளர். ஒரு குடம் நீர் முகந்து ஒரு செடிக்கு வார்க்க இயலாதார் அரியர். ஆயினும் பொன்னால் ஆகும் திருப்பணிக்கு முன்வருவோர் பலராகவும், பூவால் ஆகும் திருப்பணிக்கு முன்வருவோர் சிலராகவும் இருத்தலை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். குடமுழுக்கு நன்னாளில் கோபுரமும் விமானமும் புதுப்பொலிவு பெற்று விளங்கும் இவ்வேளையில், பூத்தொண்டின் பெருமையை அன்பர்கள் சிந்தைக்குக் கொணர விரும்பினேன். அதன் பொருட்டு நம் விருதுநகர் மாவட்டத்து மண்ணிலேயே தோன்றி, நந்தவனம் வைத்துப் பேணுதலையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். அவர் பெரியாழ்வார் ஆவர்.

சைவ மடத்தில் பயின்றவன் வைணவ அடியார் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவலாம். தொழும் தெய்வத்தின் திருப்பெயர் வேறாகலாம். பூப்பறிக்கும் கைக்கு வேண்டிய தூய்மை வேறாதல் இல்லை. நம் திருத்தொண்டருள் முருக நாயனார் திருப்புகலூரில் வைகறைப் பொழுதில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கூடைகளில் கொய்து, மாலைகள் பலவாகத் தொடுத்து இறைவனுக்குச் சாத்தினார். அத்தொண்டு ஒன்றே அவரைத் திருஞானசம்பந்தப் பெருமானுக்கு நண்பராக்கிற்று. அப்பெருமானது திருமணத்தில் உடனிருந்து பேறு பெறவும் செய்தது. கருவூரில் சிவகாமியாண்டார் சுமந்து சென்ற பூக்கூடையைச் சிதறிய பட்டத்து யானையை எறிபத்த நாயனார் வெட்டி வீழ்த்தினார் என்பதும் நாம் அறிந்ததே. ஒரு கூடைப் பூ அரசனது பட்டத்து யானையினும் பெரிது என்று கண்ட சமயம் நம்முடையது. ஆதலின் பூத்தொண்டர் எவராயினும் அவர் நமக்கு உறவினரே. திருவில்லிபுத்தூரிலும் வடபத்திரசாயி கோயில் ஒருபால் விளங்க, மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமி கோயில் ஒருபால் விளங்குகின்றது. அவ்வூர் மக்கள் இரண்டிடத்தும் சென்று தொழுதே வாழ்ந்து வருகின்றனர்.

ஊரும் நிலமும்

1985-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இப்பகுதி பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்னும் ஊர்களைச் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசல் நிலம். மழை குறைந்தும் வெயில் மிகுந்தும் இருத்தலினாலேயே 1920-களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், அதனைத் தொடர்ந்து வளர்ந்த வாண வெடித் தொழிலும் இங்கே வேரூன்றின. ஈரமற்ற காற்று மருந்து உலர்த்துவார்க்கு வாய்த்த வரம். செடி வளர்ப்பார்க்கோ அதுவே சோதனை. இச்சோதனையையும் மீறி மலர் வளர்த்தவர்கள் இந்நிலத்து மக்கள். அருப்புக்கோட்டை என்னும் பெயரே மல்லிகை அரும்பின் மிகுதியால் அரும்புக்கோட்டை என வழங்கிப் பின் திரிந்தது என்று ஊரார் சொல்லுவர். 2013-ஆம் ஆண்டில் மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அப்பெயருக்குரிய மலர் விளையும் நிலங்களுள் நம் விருதுநகர் மாவட்டமும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது.

இம்மாவட்டத்தின் மேலெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது திருவில்லிபுத்தூர். வில்லி, கண்டன் என்னும் வேடர் தலைவர் இருவர் இங்கே வாழ்ந்தனர் என்றும், கண்டன் புலியால் மாண்டபின் வில்லி என்பான் காடு திருத்தி ஊரும் கோயிலும் அமைத்தான் என்றும், அதனால் வில்லிபுத்தூர் எனப் பெயர் பெற்றது என்றும் தலவரலாறு கூறும்.

பிறப்பும் விருப்பமும்

இவ்வூரில் வேதியர் குலத்தில் முகுந்தர் என்பார்க்கும் பதுமவல்லி என்பார்க்கும் மகனாக, ஆனித் திங்களில் சுவாதி நாளில் தோன்றினார் நம் பெரியார். பெற்றோர் இட்ட பெயர் விட்டுசித்தர் என்பது. திருமாலைச் சித்தத்தில் உடையவர் என்பது அதன் பொருள். அவர் காலம் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பாரும், ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உளர்.

வேதியர் மரபில் வந்தவர்க்கு வேதம் ஓதுதலும் வேள்வி இயற்றுதலும் வாதம் புரிதலும் அக்காலத்தில் பெருமை தரும் நெறிகளாக இருந்தன. விட்டுசித்தர் உள்ளம் அவற்றின்பாற் செல்லவில்லை. இறைவனுக்கு உகந்த பணி யாது என்று எண்ணிப் பார்த்தார். கண்ணன் வடமதுரைக்கு எழுந்தருளியபோது, அவனைத் தன் வீட்டில் வரவேற்று மணமாலை சூட்டி மகிழ்ந்த மாலைக்காரர் ஒருவரின் கதை அவர் நினைவிற்கு வந்தது. அரசர் அரண்மனையை விடுத்து இறைவன் தேடிச் சென்ற வீடு பூத்தொடுப்பவன் வீடு என்பதை எண்ணுந்தோறும் அவர் நெஞ்சு உருகிற்று. தமக்குரிய பணி இதுவே எனத் தெளிந்தார். வடபெருங்கோயிலுடையான் திருக்கோயிலின் அருகே நிலம் திருத்தி, நந்தவனம் வைத்து, நாள்தோறும் மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தலானார்.

அந்நந்தவனத்து மலர்களின் மணத்தை அவருடைய பாடல்களிலேயே நுகரலாம். யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பதிகம் ஒன்று அவர் அருளியது. செண்பகம், மல்லிகை, பாதிரி, மருவு, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்பன அதில் வரிசையாக வருகின்றன. கோட்டுப்பூவும் கொடிப்பூவும் நீர்ப்பூவும் அதனுள் அடங்கும். செடியை நட்டு, நீர் வார்த்து, அரும்பு கட்டும் நாளை எதிர்நோக்கியிருந்த ஒருவரே இவ்வாறு மலர்களைப் பெயர் சொல்லி அழைத்தல் கூடும்.

ஒரு செடியைப் பேணுதல்

நந்தவனம் வைத்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகின்றோம். அவ்வொரு வரியில் அடங்கிய உழைப்பு எத்துணை என்பதை நாம் எண்ணுவதில்லை. அவர் பாடிய மலர்களுள் நமக்கு மிக அணுக்கமான மல்லிகை ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மல்லிகைக்கு உகந்தது நீர் தேங்காத செம்மண் கலந்த நிலம். நம் கரிசலோ மழைக்காலத்தில் சேறாகி நீரைத் தேக்கும். கோடையில் பாளமாக வெடிக்கும். ஆகவே குழியில் செம்மண்ணும் மணலும் கலந்து இடுதல் வேண்டும். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உடையதாக இருத்தல் நன்று. செடிக்குச் செடி நான்கு அடி இடைவெளி வேண்டும். குழி ஒன்றுக்கு நன்கு மட்கிய தொழுவுரம் 10 கிலோ அளவில் இட்டு, ஆனி முதல் கார்த்திகை வரையுள்ள காலத்தில் வேர்விட்ட பதியங்களை நடுவர். நட்ட அன்றே நீர் வார்த்து, பின்னும் மண்ணின் ஈரம் அறிந்து வார்த்து வருதல் வேண்டும். நீர் மிகின் வேர் அழுகும். குறையின் அரும்பு கருகும்.

மல்லிகை முற்றிலும் இலையுதிர்க்கும் செடியும் அன்று. எஞ்ஞான்றும் பசுமை மாறாத செடியும் அன்று. பனிக்காலத்தில் இலை குறைந்து ஓய்ந்திருந்து, வெப்பம் ஏறத் தளிர்த்து, மாசி பங்குனியில் அரும்பு கட்டி, ஆனி ஆடி வரை பூக்கும். அவ்வோய்வுக் காலத்தை அறிந்து கார்த்திகை மாதத்தில் கவாத்துச் செய்தல் முறை. சில நாள் நீர் பாய்ச்சுதலை நிறுத்தி, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு மேலுள்ள கிளைகளை வெட்டிவிடுவர். உலர்ந்த கொம்பையும் பின்னிக் கிடக்கும் கொம்பையும் நீக்குவர். எஞ்சிய இலைகளையும் உருவிவிடுவர். பின்னர் அடிமண்ணைக் கொத்தி, உரமிட்டு, நீர் வார்ப்பர். வெட்டிய செடியைப் புதியவர் கண்டால் பட்டது என்றே எண்ணுவர். அதிலிருந்து எழும் இளந்தளிரின் நுனியிலேதான் அடுத்த ஆண்டின் பூ இருக்கின்றது.

இவ்வளவும் செய்தபின்னும் காவல் ஓய்வதில்லை. மொட்டுப்புழு அரும்பைத் துளைத்தால் அவ்வரும்பு ஊதாநிறம் கொண்டு வாடும். அவற்றைப் பொறுக்கி அழித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பர். கோடையில் இலையின் அடிப்புறத்தே செஞ்சிலந்தி பற்றும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசலில் இரும்புச் சத்துக் குறைந்து இலை மஞ்சள் பூக்கும். அதற்கு அன்னபேதியை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்துத் தெளித்தால் பசுமை மீளும். விடியுமுன் சென்று பறித்தல் வேண்டும். புழு கடித்ததும், சிலந்தி இழை பற்றியதும், தானே உதிர்ந்ததும், மோந்ததும் இறைவனுக்கு ஆகா என்பது நம் நூல்களின் விதி. நாள் ஒன்று தவறினாலும் செடி அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். மனிதரை ஏமாற்றலாம், செடியை ஏமாற்றுதல் இயலாது.

அடியேன் இதனை நூலில் மட்டும் கற்றேன் அல்லேன். பதினான்கு வயதில் மடம் ஒன்றில் பயின்றுவந்த காலத்தில், நந்தவனத்து மல்லிகை வரிசை ஒன்றிற்கு நீர் வார்க்கும் முறை எனக்கு வந்தது. சாத்திரம் ஒப்புவிக்கும் நாள் அணித்தாக இருந்தமையின், நீர் முகத்தல் கல்லாதார் செய்யத்தக்க பணி எனக் கருதி, சித்திரை வெயிலில் ஏழெட்டு நாள் அப்பக்கம் செல்லாதிருந்தேன். ஒப்புவித்து முடித்துப் பாராட்டும் பெற்று மகிழ்வோடு சென்று பார்த்தபோது, அரும்புகள் அனைத்தும் கருகி உதிர்ந்து கிடந்தன. எழுபதாண்டு கடந்த தம்பிரான் சுவாமிகள் ஒருவர் தனியே கிணற்றில் நீர் இறைத்து ஒவ்வொரு செடிக்கும் வார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு சொல்லும் கடிந்தார் இல்லை. நான் குடத்தை வாங்கக் கை நீட்டியபோது கொடுத்தார்; அவ்வளவே. அவ்வாண்டு கார்த்திகையில் அச்செடிகளை அவர் வெட்டியபோது நான் அழுதேன். தைத் திங்களில் தளிர் கண்டபோது அவர் என்னை அழைத்துக் காட்டினார். சாத்திரத்தில் அன்று ஒப்புவித்தவற்றுள் பல இன்று மறந்துபோயின. கருகிய அரும்பு மறக்கவில்லை.

கிழியறுத்ததும் மீண்டதும்

பெரியாழ்வாரின் வரலாற்றிற்கு மீள்வோம். அந்நாளில் மதுரையில் வல்லபதேவன் என்னும் பாண்டியன் ஆண்டுவந்தான். ஓரிரவு அவன் நகர்சோதனை செய்து வரும்போது, திண்ணையில் படுத்திருந்த வழிப்போக்கர் ஒருவரைக் கண்டு, அவர் கற்ற நல்லுரை ஒன்றைக் கேட்டான். மழைக்காலம் நான்கு திங்களுக்கு வேண்டுவதை ஏனைய எட்டுத் திங்களிலும், இரவுக்கு வேண்டுவதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டுவதை இளமையிலும், மறுமைக்கு வேண்டுவதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்னதன் கருத்து. முதல் மூன்றிலும் தனக்குக் குறையில்லை என உணர்ந்த மன்னன், நான்காவதற்கு வழி தேடித் தன் அமைச்சர் செல்வநம்பியை நாடினான். மறுமைக்குத் துணையாகும் பரம்பொருள் யாது என நிறுவுவார்க்குப் பரிசாகப் பொற்கிழி ஒன்று கம்பத்தில் கட்டித் தூக்கப்பட்டது.

திருவில்லிபுத்தூரில் நந்தவனத்தில் இருந்த விட்டுசித்தருக்கு அவ்வவைக்குச் செல்லுமாறு இறைவன் கனவில் பணித்தான் என்பது வரலாறு. மண்வெட்டியும் பூக்கூடையும் ஏந்தித் தழும்பேறிய கையை உடைய தாம் கற்றோர் அவையில் என் செய்வது என்று அவர் தயங்கினார். ஆயினும் ஆணையை மீறாது சென்றார். அவையில் அவர் வாய் திறந்தபோது வேதப் பொருள் தங்குதடையின்றிப் பெருகிற்று. பொற்கிழி தானே தாழ்ந்து அவர் முன் வந்தது. மன்னன் பட்டர்பிரான் என்னும் பட்டம் அளித்து, அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அவ்வாதத்தில் நிறுவப்பட்ட பொருளைச் சைவனாகிய அடியேன் இங்கே எடுத்து ஆராயப் புகவில்லை; அதற்கு இடமும் இதுவன்று. அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது.

யானைமேல் அமர்ந்திருந்த அவருக்கு இறைவன் கருடன்மேல் காட்சி தந்தான். காட்சி கண்ட அடியார் எவரும் தமக்கு ஏதேனும் வேண்டுவர்; வீடுபேறு வேண்டுவர்; அன்றேல் மெய்ம்மறந்து நிற்பர். இவரோ, இத்துணை அழகிய திருமேனி இத்துணைப் பேர் கண்படுமாறு வெளிப்பட்டதே, இதற்குத் தீங்கு நேருமோ என அஞ்சினார். யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு, இறைவன் பல்லாண்டு வாழ்க என்று பாடினார். அதுவே திருப்பல்லாண்டு. தன்னைக் காக்க வல்லவனுக்கே காப்பிட்டமையால் அவர் ஆழ்வார்களுள் பெரியாழ்வார் எனப்பெற்றார்.

இவ்வச்சம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அடியேனுக்குத் தோன்றுவதைச் சொல்லுகின்றேன். இளஞ்செடியை வளர்ப்பவனுக்கு எப்போதும் ஓர் அச்சம் உண்டு. வெயில் சுடுமோ, ஆடு மேயுமோ, புழு துளைக்குமோ என்று அவன் நெஞ்சு ஓயாது துடிக்கும். பேணிப் பழகிய நெஞ்சு, எதனைக் கண்டாலும் அதற்குக் காவல் தேடும். இறைவனைக் கண்டபோதும் அது காவலே தேடிற்று. அவர் கண்ணனைக் குழந்தையாகக் கொண்டு தாலாட்டியும், நிலாக் காட்டியும், நீராட்டியும், பூச்சூட்டியும் பாடியன எல்லாம் அந்நெஞ்சின் வெளிப்பாடே. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு அவர் பாடல்களே முன்னோடி என்பர் தமிழறிஞர். திருப்பல்லாண்டு உட்பட அவர் அருளிய பாசுரங்கள் 473 ஆகும்.

வெற்றி கொண்டு மீண்டவர் பொற்கிழியைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதனைக் கோயிற்பணிக்கே ஆக்கினார். 11 நிலைகளையுடைய திருவில்லிபுத்தூர்ப் பெருங்கோபுரத்தை அவருடைய திருப்பணி எனப் போற்றுதல் மரபு. அவையில் வென்ற புலவர் அரண்மனையிலேயே தங்கிப் பெருவாழ்வு வாழ்ந்திருக்கலாம். அவரோ யானையினின்றும் இறங்கி, ஊர் வந்து, மீண்டும் நீர்க்குடத்தை எடுத்தார். அவர் வாழ்க்கையில் அடியேனை மிகவும் வணங்கச் செய்வது இச்செயலே. கிழியறுத்தது ஒரு நாள். நீர் வார்த்தது ஒவ்வொரு நாளும்.

நந்தவனத்தில் கிடைத்த செல்வம்

ஓராண்டு ஆடித் திங்கள் பூர நாளில், துளசிச் செடிகளின் நடுவே பெண் மகவு ஒன்று கிடக்கக் கண்டார். செடிக்கு நீர் வார்த்த கை அக்குழந்தையை எடுத்து அணைத்தது. கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார். கோதை என்னும் சொல்லுக்கு மாலை என்பதும் ஒரு பொருள். தோட்டக்காரர் தம் மகளுக்கு வேறு என்ன பெயர் இடுவார்!

கோதை வளர்ந்தாள். இறைவனுக்கென்று தந்தை தொடுத்து வைத்த மாலையைத் தந்தையறியாது தான் சூடி, கண்ணாடியில் அழகு பார்த்துப் பின் கூடையில் வைத்துவிடுவாள். ஒரு நாள் அதனைக் கண்ட பெரியாழ்வார் நடுங்கினார். பிறர் சூடிய பூ இறைவனுக்கு ஆகாது என்னும் விதியை உயிரினும் மேலாகப் போற்றி வந்தவர் அவர். மகளைக் கடிந்து, அன்று மாலை சாத்தாதே நின்றார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, அவள் சூடிக் களைந்த மாலையே தனக்கு உகப்பு என உணர்த்தினான். அன்று முதல் கோதை ஆண்டாள் ஆனாள். சூடிக்கொடுத்த நாச்சியார் என உலகம் போற்றலாயிற்று. விதியைப் பல்லாண்டு தவறாது போற்றியவர்க்கே விதியைக் கடந்த அருள் கிடைத்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும். விதியைப் போற்றாதார் இக்கதையைத் தமக்குச் சான்றாக்கிக்கொள்ளல் ஆகாது.

மணப்பருவம் எய்திய ஆண்டாள் அரங்கநாதனையன்றி வேறொருவரை மணவாளனாகக் கொள்ளேன் என்று உறுதி பூண்டாள். இறைவன் ஆணைப்படி தந்தை அவளைப் பல்லக்கில் ஏற்றித் திருவரங்கம் அழைத்துச் சென்றார். கருவறை புகுந்த அவள் இறைவனோடு கலந்து மறைந்தாள். உடன் சென்ற தந்தை தனியே நின்றார்.

இறைவனுக்கே மாமனார் ஆன பெருமையை நாம் கொண்டாடுகின்றோம். வெறுங்கையோடு திருவில்லிபுத்தூர் மீண்ட முதியவரின் துயரை யார் எண்ணிப் பார்க்கின்றார்? மகள் மணவாளனோடு சென்றுவிட வீடு வெறிச்சோடிக் கிடக்கத் தாய் ஒருத்தி புலம்புவதாக அவர் அருளிய பதிகம் ஒன்று உண்டு. படிப்போர் அதனை ஆண்டாளைப் பிரிந்த அவர் துயரோடு இயைத்தே உணர்வர். தாம் வளர்த்த மலர் அனைத்தையும் இறைவனுக்கே கொய்து கொடுத்தவர், தாம் வளர்த்த மகளையும் அவ்வாறே கொடுத்தார். பின்னரும் அவர் தம் தொண்டை விட்டார் அல்லர். நந்தவனப் பணியும் மாலைப் பணியும் தொடர்ந்தன. இறுதிக் காலத்தில் மதுரைக்கு அணித்தான திருமாலிருஞ்சோலை சென்று, அச்சோலை மலையின் அடியிலேயே இறைவன் திருவடி எய்தினார். வாழ்நாளெல்லாம் சோலை வளர்த்தவர் ஒரு சோலையிலேயே அடங்கினார்.

இன்றும் வாழும் தொண்டு

இவையனைத்தும் ஆயிரம் ஆண்டிற்கு முற்பட்ட வரலாறு. ஆயினும் ஆண்டாள் அவதரித்த நந்தவனம் இன்றும் திருவில்லிபுத்தூரில் வணங்கப்படுகின்றது. ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசிப் பெருவிழாவின் போது திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவின் போது மதுரையில் கள்ளழகருக்கும் கொண்டு செல்லப்படுகின்றது. ஆண்டாளின் திருக்கரத்தில் விளங்கும் கிளி நாள்தோறும் இலைகளாலும் மலர்களாலும் புதிதாகச் செய்யப்படுகின்றது. மாதுளை மலரின் மொக்கு அதற்கு மூக்காகின்றது. நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது. ஒவ்வொரு நாளும் ஒருவர் அமர்ந்து அதனைச் செய்கின்றார். பெரியாழ்வார் தொடங்கிய நெறி அவ்வாறு உயிரோடு இருக்கின்றது.

அன்பர்களே, நம் ஊர்க் கோயில்களை எண்ணிப் பாருங்கள். குடமுழுக்கு நாளில் பல்லாயிரவர் கூடுகின்றோம். பின்னர் 48 நாள் மண்டல பூசை சிறப்பாக நிகழ்கின்றது. அவ்வளவு நாளும் மலர்க்கு ஒரு குறையும் இல்லை. நாற்பத்தொன்பதாம் நாள் செடிக்கு நீர் வார்ப்பவர் யார்? கல்வெட்டுகளில் நந்தவனத்திற்கென்று நிலமும், அதனைப் பேணுவார்க்கென்று நெல்லும் விட்ட செய்திகள் தமிழகமெங்கும் காணப்படுகின்றன. நம் முன்னோர் செடியை மட்டும் கொடுத்தார் அல்லர்; நீர் வார்ப்பவன் உணவுக்கும் வழி செய்தே கொடுத்தனர். இன்றோ பல கோயில்களில் நந்தவனம் தரிசாகிக் கிடக்கின்றது; கிணறு தூர்ந்துவிட்டது; பறித்தவர் நீராடினாரா என்று அறியாத பூ, பிளாஸ்டிக் பையில் கட்டிச் சந்தையிலிருந்து வருகின்றது. அதனைத் தொடுத்து விற்று வயிறு வளர்க்கும் எளிய மகளிரை அடியேன் குறை கூறேன். குறை நம்முடையது.

சைவ நெறியில் திருநந்தவனம் வைத்தலும், மலர் கொய்தலும், மாலை தொடுத்தலும் சரியைத் தொண்டு எனப் பேசப்படும். அது முதற்படி என்பதனால் இழிந்தது எனச் சிலர் எண்ணுகின்றனர். அடியேனும் இளமையில் அவ்வாறு எண்ணிப் பிழை செய்தவனே. முதற்படி இல்லையேல் ஏணியும் இல்லை.

ஆதலின் இத்திருப்பணிக்குப் பொருள் வழங்கிய பெருமக்களிடம் அடியேன் விண்ணப்பம் ஒன்று உண்டு. கோபுரத்திற்குக் கொடுத்தீர், நன்று. இனி ஒரு கிணற்றைத் தூர் வாரிக் கொடுங்கள். ஒரு தோட்டக்காரரின் ஊதியத்திற்கு வைப்புநிதி வையுங்கள். அதுவும் இயலாதார் குடும்பத்திற்குப் பத்து மல்லிகைச் செடி என ஏற்று, முறை வைத்து நீர் வார்க்க வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். கருகிய அரும்பு கற்பிக்கும் பாடத்தைப் பள்ளி கற்பியாது.

நன்கு பேணப்படும் மல்லிகைச் செடி பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை பூக்கும். குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை நிகழ்வது. இன்று நாம் நடும் செடி, இடையே வரும் நாளெல்லாம் இறைவனுக்கு மலர் தந்து, அடுத்த குடமுழுக்கிற்கும் மாலை தந்தே ஓய்வு பெறும். அதனிடமிருந்து ஒரு பதியம் வைத்துக்கொண்டால் பணி அறாது தொடரும். அச்செடி வாடாமல் நிற்குமாயின், இவ்விழாவில் நாம் செய்த வழிபாடும் வாடாமல் நிற்பதாகக் கொள்ளலாம்.

நந்தவனங்கள் தழைக்க! மழை பொழிக! மலர் பேணும் கைகள் வாழ்க! எல்லாம் வல்ல இறைவன் திருவருள் யாவர்க்கும் துணை நிற்பதாகுக!